ரெசிபி ஆப்ல சந்தா பணத்தை க்ரியேட்டர்களோட பங்கு போடறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சமையல் குறிப்பு எழுதறவங்க, வீடியோ போடறவங்க, இந்த மாதிரி ஆப் கட்டணும்னு நினைக்கிற டெவலப்பர்ங்க, மூணு பக்கமும் எங்ககிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வைக்கிறோம். நாங்க கட்டிட்டு இருக்கிற ஆப்ல எடுத்த முடிவுகள்தான் இதெல்லாம். நீங்க வேற மாதிரி முடிவு எடுக்கலாம், ஆனா ஏன் அப்படி எடுத்தோம்னு தெரிஞ்சா உங்களுக்கு யோசிக்க வசதியா இருக்கும்.

யூட்யூப்லயே போட்டா காசு வருதே, தனியா ஒரு ஆப் எதுக்கு?

வருது, இல்லன்னு சொல்லல. யூட்யூப் நீள வீடியோவுக்கு விளம்பர வருமானத்துல 55%, ஷார்ட்ஸுக்கு 45% குடுக்குது, அது மோசமான பங்கே இல்ல. பிரச்சனை பங்குல இல்ல, எதை எண்ணறாங்கங்கறதுல இருக்கு. விளம்பரம் பாக்கறதுக்கு காசு குடுக்கும், சமைக்கறதுக்கு குடுக்காது. ஒருத்தர் உங்க வீடியோவை ஒரே ஒரு தடவ பாத்து, அளவை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அடுப்பு பக்கத்துல ஒட்டிட்டு, வருஷம் முழுக்க வாராவாரம் அதையே செஞ்சாலும் உங்களுக்கு வந்தது அந்த ஒரு வியூ காசுதான். இன்னொரு பக்கம் யாருமே வீட்ல செய்யப் போகாத, பாக்க மட்டும் பிரமாதமா இருக்கிற வீடியோ லட்சக்கணக்குல ஓடும். அதுக்கு அர்த்தம் அந்த வீடியோ தப்புன்னு இல்ல, அது வேற தொழில், வேடிக்கை காட்டற தொழில். நம்பி செய்யக்கூடிய குறிப்பு எழுதறவங்களுக்குன்னு ஒரு வருமான வழி வேணும். ஒரு வீட்ல உங்க குறிப்பு எத்தன தடவ தட்டுக்கு வந்துச்சோ அதுக்கு ஏத்தமாதிரி காசு வரணும். இந்த ஆப்போட எல்லா முடிவும் இந்த ஒரு எண்ணத்துலேருந்துதான் வருது.

சந்தாவா 100 வந்தா க்ரியேட்டர் கைக்கு எவ்ளோ போகும்?

வரியை முதல்ல கழிச்சுட்டோம்னு வச்சுக்கங்க. அடுத்து ஆப் ஸ்டோர் பங்கு. ஆப்பிள் வழக்கமா 30% எடுத்துக்கும், சந்தாதாரர் ஒரு வருஷம் தொடர்ந்து இருந்தா 15% ஆகும். வருஷ வருமானம் 10 லட்சம் டாலருக்குள்ள இருக்கிற சின்ன டெவலப்பர்களுக்கு 2021லேருந்து தனி திட்டம் இருக்கு, அதுல சேந்துட்டா ஆரம்பத்துலேருந்தே 15%. கூகுள் பிளே 2022 ஜனவரி 1லேருந்து சந்தாவுக்கு முதல் நாள்லேருந்தே 15%னு கொண்டு வந்துச்சு. இந்த ரேட்டெல்லாம் கோர்ட் கேஸ், புது சட்டம்னு நாட்டுக்கு நாடு மாறிட்டே இருக்கறதால ஒப்பந்தத்துல நம்பரை எழுதாதீங்க, "ஸ்டோர் எடுத்துக்கிட்டது போக"ன்னு எழுதுங்க.

15% போச்சுன்னா மிச்சம் 85. அதுல பாதி, 42.50, க்ரியேட்டர்களுக்கு. மீதி பாதிலதான் சர்வர், சம்பளம், விளம்பரம், வாடிக்கையாளர் சேவை எல்லாத்தையும் நாங்க பாத்துக்கணும்.

இங்க ஒரு வார்த்தை மேல ரொம்ப கவனமா இருங்க: "நிகரம்". எந்த ஒப்பந்தத்துல "நிகர லாபத்துல பாதி"ன்னு இருக்கோ அதுல கையெழுத்து போடாதீங்க. லாபம்ங்கறது செலவு கழிச்சது, செலவை முடிவு பண்றது கம்பெனி, கம்பெனி நினைச்சா லாபமே இல்லாம பல வருஷம் ஓட்டலாம். "நிகர வருமானம்"னு இருக்கணும், அதுல என்னென்ன கழிக்கலாம்னு பட்டியல் இருக்கணும், அந்த பட்டியல்ல வரி, ஸ்டோர் பங்கு, திருப்பிக் குடுத்த பணம் இந்த மூணைத் தவிர வேற எதுவும் இருக்கக்கூடாது.

அந்த பாதியை இத்தன க்ரியேட்டர்களுக்கு எப்படி பிரிக்கிறீங்க?

இதுதான் நாங்க அதிக நாள் சண்ட போட்ட கேள்வி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றோம்.

ஒரு வழி, எல்லார் பணத்தையும் ஒரே பானைல கொட்டி, மொத்த சமையல்ல யாருக்கு எத்தன சதவீதமோ அந்த சதவீதம் குடுக்கறது. மியூசிக் ஆப்கள் பெரும்பாலும் இப்படித்தான் செஞ்சுச்சு. இன்னொரு வழி, ஒவ்வொரு சந்தாதாரரோட பணத்தையும் தனித்தனியா வச்சு, அவர் யாரோட குறிப்பை செஞ்சாரோ அவங்களுக்கு மட்டும் பிரிக்கறது. சவுண்ட்க்ளவுட்ங்கற மியூசிக் ஆப் 2021ல இந்த மாதிரி ஒரு முறையை சின்ன கலைஞர்களுக்கு கொண்டு வந்துச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டே சந்தாதாரர்தான் இருக்காங்க, ஆளுக்கு 50 பங்கு பணம் வருது, மொத்தம் 100. முதல் ஆள் மாசத்துல 18 தடவ சமைக்கிறார், எல்லாமே ஒரே பெரிய க்ரியேட்டரோடது. ரெண்டாவது ஆள் ஞாயித்துக்கிழமை மட்டும் அடுப்பு பக்கம் போறவர், ரெண்டே தடவ, ரெண்டும் ஒரு சின்ன க்ரியேட்டரோடது. ஒரே பானைன்னா பெரியவருக்கு 90, சின்னவருக்கு 10. தனித்தனின்னா 50, 50. ரெண்டாவது ஆள் அந்த சின்ன க்ரியேட்டருக்காகவே சந்தா கட்டியிருக்கார், அவர் காசுல 40 அவர் கேள்விப்படாத ஒருத்தருக்கு போறது எந்த நியாயத்துல சேத்தி? அதான் நாங்க தனித்தனி முறைக்கு வந்தோம்.

இதுல இன்னொரு பெரிய லாபம் இருக்கு, எங்களுக்கே இது பின்னாடிதான் புரிஞ்சுது. திருட்டுக்கணக்கு போடறவங்களுக்கு இந்த முறைல வேலையே இல்ல. ஒரே பானைல ஒரு பொய் அக்கவுன்ட் ராத்திரி பகலா "சமைச்சு" மத்தவங்க பணத்தை உறிஞ்சலாம். தனித்தனி முறைல 100 கட்டி பொய் அக்கவுன்ட் தொடங்கினா திரும்பி வர்றது அதிகபட்சம் 42.50தான், யாரும் நஷ்டத்துக்கு திருட மாட்டாங்க. மிச்சமிருக்கிற ஓட்டை ரெண்டு: திருட்டு கார்டுல கட்டற சந்தா, கட்டிட்டு பணத்தை திருப்பி வாங்கிக்கறது. அதுக்குதான் பணத்தை உடனே அனுப்பாம கொஞ்ச நாள் வைக்கிறோம்.

சமைச்சாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படி தெரியும்?

முழுசா தெரியாது, தெரிய முடியாது, சமையலறைல கேமரா வைக்கப் போறதில்ல. நமக்கு கிடைக்கறது அடையாளம் மட்டும்தான். குறிப்பை திறந்தது, சேமிச்சது, இதெல்லாம் ஆசைக்கு அடையாளம். ஸ்க்ரீன் அணையாம இருக்கிற சமையல் மோடுல கடைசி ஸ்டெப்பு வரைக்கும் போனது, நடுவுல டைமர் ஓடுனது, முடிஞ்சதும் "செஞ்சேன்" பட்டனை அமுக்குனது, இதெல்லாம் செயலுக்கு அடையாளம். நாங்க ரெண்டாவது வகையை மட்டும்தான் எண்றோம்.

எப்படி எண்ணணுங்கறதுக்கு புத்தக உலகத்துல ஒரு நல்ல பாடம் இருக்கு. அமேசானோட சந்தா கட்டி புக் படிக்கிற திட்டமான கிண்டில் அன்லிமிடெட்ல ஆரம்பத்துல ஒரு புக்கை வாசகர் 10% தாண்டி படிச்சா எழுத்தாளருக்கு ஒரு தொகை, புக் பெருசோ சின்னதோ அதே தொகை. என்ன ஆச்சு, குட்டி குட்டி புக்கா வந்து குவிஞ்சுது. 2015 ஜூலைல படிச்ச பக்கத்துக்கு காசுன்னு மாத்தினாங்க. உடனே சிலர் தேவையில்லாத பக்கமா ரொப்பி, முதல் பக்கத்துலயே கடைசிக்கு தாவற லிங்க் வச்சாங்க, அமுக்கினா நடுவுல இருந்ததெல்லாம் படிச்ச கணக்கு. எதை அளக்கறோமோ அதுக்கு தகுந்தமாதிரி எழுத்து வளைஞ்சுடும். நாங்க நேரத்தை அளந்தா குறிப்பெல்லாம் கதையா நீளும், ஸ்டெப்பை அளந்தா "கரண்டியை எடுக்கவும்"னு ஒரு ஸ்டெப்பு வரும்.

அதனால ரூல் ரொம்ப எளிமை: ஒரு சந்தாதாரர், ஒரு குறிப்பு, ஒரு நாள், ஒரு எண்ணிக்கை. நீளமோ குட்டையோ ஒண்ணுதான்.

அப்போ மூணு நாள் புளிக்க வச்சு சுடற ரொட்டியும் அஞ்சு நிமிஷ சாலட்டும் ஒண்ணா?

எண்ணிக்கைல ஒண்ணுதான். இது சரியில்லன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அவங்க சொல்றதுல நியாயமும் இருக்கு. ஆனா உழைப்புக்கு நாங்க மதிப்பெண் போட ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது. அதனால அந்த அதிகாரத்தை பணம் கட்டறவர்கிட்டயே குடுத்துட்டோம். மாசக் கடைசில ஒரு ஸ்க்ரீன் வரும், "இந்த மாசம் நீங்க செஞ்சது இதெல்லாம், உங்க பணம் இப்படி பிரியுது"ன்னு. விருப்பம் இருந்தா கூட்டிக் குறைச்சுக்கலாம், ஒண்ணும் செய்யலன்னா எண்ணிக்கைப்படி போயிடும். குறிப்பை மனப்பாடமா வச்சு செய்யறவங்க ஆப்பை திறக்கவே மாட்டாங்க இல்லையா, அவங்களும் இங்க வந்து "இதை நாலு தடவ செஞ்சேன்"னு சேத்துக்கலாம்.

ஒரு மாசம் எதையுமே சமைக்காதவர் பணம் யாருக்கு?

எங்களுக்கு இல்ல. இதை முதல்லயே சொல்லிடறோம், ஏன்னா கம்பெனிக்கு ரொம்ப சுலபமா கைவைக்க முடிஞ்ச இடம் இதுதான், அப்படி வச்சா ஆப்பை மறந்துட்ட சந்தாதாரர்தான் கம்பெனிக்கு லாபமான சந்தாதாரர்னு ஆயிடும், அப்பறம் நாம கட்டற ஒவ்வொரு விஷயமும் மெதுவா அந்த பக்கமே சாயும். அவரோட க்ரியேட்டர் பங்கை மூணு மாசம் ஓரமா வைக்கிறோம். அதுக்குள்ள திரும்பி வந்து சமைச்சா அதுல சேந்துடும். வரலன்னா கடைசியா செஞ்ச குறிப்புக்காரங்களுக்கு போகும். எப்பவுமே எதையுமே செய்யலன்னா யார் லிங்க் வழியா ஆப்புக்கு வந்தாரோ அவங்களுக்கு, யார் லிங்க்கும் இல்லன்னா அந்த மாசம் ஆப்ல ஒரு தடவயாவது சமைக்கப்பட்ட எல்லா க்ரியேட்டருக்கும் சமமா. மூணு மாசம் தொடாதவருக்கு "நிறுத்திக்கலாமா"ன்னு நாங்களே மெயில் போடுவோம்.

வருஷ சந்தா, இலவச ட்ரயல் எல்லாம்?

வருஷ சந்தாவை 12ஆ பிரிச்சு மாசாமாசம் பங்கு போடறோம், வந்த அன்னைக்கே மொத்தமா பிரிச்சா நடுவுல பணம் திருப்பிக் கேட்டா மாட்டிக்குவோம். ட்ரயல்ல பணம் வராது, அதனால பங்கும் இல்ல. ஆனா ட்ரயல் முடிஞ்சு கட்ட ஆரம்பிச்சா, ட்ரயல்ல செஞ்சதையும் முதல் மாச எண்ணிக்கைல சேத்துடுவோம், அவரை இழுத்துட்டு வந்ததே அந்த குறிப்புதானே.

என் ரெசிபியை இன்னொருத்தர் காப்பியடிச்சு போட்டா?

சட்டம் இதுல நீங்க நினைக்கிற அளவுக்கு கைகுடுக்காது, மனசு கஷ்டமா இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கங்க. அமெரிக்க சட்டப்படி வெறும் பொருள் பட்டியலுக்கு காப்பிரைட் கிடையாது. 1996ல பப்ளிகேஷன்ஸ் இன்டர்நேஷனல், மெரெடித் ரெண்டு பதிப்பகத்துக்கும் நடந்த வழக்குல தயிர் வச்சு செய்யற ரெசிபிகளோட பொருள் பட்டியலையும் செய்முறையையும் பாத்துட்டு, அதுக்கு தனித்தனியா பாதுகாப்பு இல்லன்னு அங்க அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு. உங்க போட்டோ, வீடியோ, நீங்க உங்க நடைல எழுதின விளக்கம், அனுபவம், இதுக்கெல்லாம் பாதுகாப்பு இருக்கு. அளவுக்கும் முறைக்கும் இல்ல.

சட்டம் விட்ட இடத்தை ஆப்போட ரூல்தான் நிரப்பணும். புதுசா ஒரு குறிப்பு ஏத்தும்போது ஏற்கனவே இருக்கறதோட பொருள், விகிதம், வரிசை மூணும் ரொம்ப ஒத்துப்போனா வெளியிடறதுக்கு முன்னாடியே நிறுத்தி ஒரு மனுஷர் பாக்கறார். வேணும்னே எடுத்ததுன்னா எடுத்துடுவோம். இன்னொருத்தரோடதை மாத்தி மெருகேத்தினது நிறைய இருக்கும், சமையலே அப்படித்தான் வளந்துச்சு, அதுக்கு "இவங்களோடதுலேருந்து"ன்னு லிங்க் வைக்க இடம் இருக்கு, லிங்க் வச்சா அந்த குறிப்புக்கு வர்ற பணத்துல அஞ்சுல ஒரு பங்கு மூலத்துக்காரங்களுக்கு தானா போகும். மறைக்கறதை விட சொல்றது மரியாதைன்னு ஒரு பழக்கம் வரணும்னு ஆசைப்படறோம்.

குறிப்பு உங்களுதேதான், எங்களுக்கு குடுக்கறது காட்டற உரிமை மட்டும். அதே குறிப்பை நீங்க புக்காவும் போடலாம், வேற ஆப்லயும் போடலாம்.

ரெசிபியை வெறும் டெக்ஸ்டா டேட்டாபேஸ்ல போட்டா போதாதா?

டெவலப்பர்ங்க எல்லாரும் கேக்குற கேள்வி. போதாது. வெப்சைட்ல குறிப்புக்குன்னு ஸ்கீமா.ஆர்க்னு ஒரு பொது வடிவம் இருக்கு, கூகுள் தேடல்ல குறிப்பு அழகா வர்றதுக்கு எல்லாரும் அதைத்தான் போடறாங்க, வெளிலேருந்து குறிப்பை உள்ள கொண்டு வர ரொம்ப உதவும். ஆனா அதுல பொருள்ங்கறது ஒரு வரி டெக்ஸ்டுதான், "2 கப் மாவு, சலிச்சது"ன்னு. அளவு தனி, அலகு தனி, பொருள் தனி, பக்குவம் தனின்னு பிரிச்சாதான் ஆளுக்கு தகுந்தமாதிரி கூட்டிக் குறைக்க முடியும். நியூயார்க் டைம்ஸ் தன்னோட குறிப்புகளை இப்படி பிரிக்கவே மெஷின் லேர்னிங் வச்சுத்தான் செஞ்சுச்சு, 2015ல அந்த முறையை வெளில எழுதினாங்க. நாங்க மெஷினை முதல் பிரிப்புக்கு மட்டும் வச்சு, க்ரியேட்டரே ஒவ்வொரு வரியையும் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளியிடறோம்.

அலகு இன்னொரு தலைவலி. அமெரிக்க கப் கிட்டத்தட்ட 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பான் கப் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடத்துல 15 மில்லி, ஆஸ்திரேலியால 20. எழுதினவர் எந்த கப்பை வச்சு எழுதினார்னு கேக்காம விட்டா வேற நாட்ல செஞ்சவருக்கு மாவு தளர்ந்து போகும். அதனால சேமிக்கறது எப்பவும் கிராம்ல, காட்டறது பாக்கறவர் விரும்பற அலகுல.

பெருக்கறதுலயும் கண்ணை மூடிட்டு பெருக்கக்கூடாது. 20 சென்டிமீட்டர் வட்ட தட்டுல சுடறதை 25க்கு மாத்தினா 1.25 மடங்கு இல்ல, பரப்பளவு கணக்குல 1.56 மடங்கு. வேகற நேரம் அளவோட சேந்து பெருகாது. உப்பு, காரம் எல்லாம் ருசி பாத்துத்தான் கூட்டணும். இந்த மாதிரி பொருளுக்கு "பெருக்காதே"ன்னு குறி வைக்க க்ரியேட்டருக்கு இடம் குடுத்திருக்கோம். இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்னா, நாம தப்பா பெருக்கி ஒரு கேக் சொதப்புச்சுன்னா வீட்ல இருக்கவங்க ஆப்பை திட்ட மாட்டாங்க, எழுதினவரைத்தான் திட்டுவாங்க, திரும்ப அவர் குறிப்பு பக்கம் போக மாட்டாங்க. எங்க தப்புக்கு அவங்க வருமானம் போகக்கூடாது.

அலர்ஜி விஷயம்?

"இதுல இது இருக்கு"ன்னு சொல்லலாம், "இதுல இது இல்லவே இல்ல, பயமில்லாம சாப்பிடலாம்"னு ஆப் சொல்லவே கூடாது. ஐரோப்பிய யூனியன் 14 அலர்ஜி பொருள் பட்டியல் வச்சிருக்கு, அமெரிக்கால 2023லேருந்து எள்ளையும் சேத்து 9. இதெல்லாம் பாக்கெட் உணவு லேபிளுக்கான சட்டம்தான், ஆனா நாம எந்தெந்த பொருளை கண்டுபிடிச்சு எச்சரிக்கணும்ங்கறதுக்கு நல்ல அடிப்படை. சாஸ், மசாலா கலவை மாதிரி கடைல வாங்கற பொருள் வந்தா உள்ள என்ன இருக்குன்னு குறிப்பு எழுதினவருக்கே தெரியாது, அங்க "பாக்கெட்டை படிங்க"ன்னு மட்டும் காட்டறோம்.

என் கணக்கு சரியா இருக்கான்னு நான் எப்படி நம்பறது?

நம்பிக்கைய மட்டும் வச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், சரிபாருங்க. ஒவ்வொரு மாசமும் வர்ற ஸ்டேட்மென்ட்ல மொத்த வசூல், ஸ்டோர் எடுத்தது, திருப்பினது, உங்க ஒவ்வொரு குறிப்புக்கும் எத்தன எண்ணிக்கை, எவ்ளோ பணம், எல்லாம் வரி வரியா இருக்கும், சந்தாதாரர் பேர் மட்டும் இருக்காது.

ஆப் கட்டற டெவலப்பர்களுக்கு: பணத்தை தசமத்துல வைக்காதீங்க, ஆகச்சின்ன காசுல முழு எண்ணா வைங்க, 42.50ஐ 4250ன்னு. 4250ஐ மூணு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 1416, ரெண்டு மிச்சம். அந்த ரெண்டு எங்க போச்சுன்னு கோட் பதில் சொல்லணும். பின்னத்துல யாருக்கு அதிகம் விட்டுப்போச்சோ அவங்களுக்கு முதல்லன்னு ஒரு நிலையான ரூல் வைங்க, இங்க மாதிரி மூணு பேருக்கும் சமமா இருந்தா மாசத்துக்கு மாசம் சுத்திவிடுங்க. எழுதின வரியை அழிக்கவோ திருத்தவோ கூடாது, தப்புன்னா அதை ரத்து பண்ற எதிர்ப்பதிவு ஒண்ணு போடணும், கணக்குப்பிள்ளை காலத்துலேருந்து இருக்கிற பழக்கம்தான்.

பணம் எப்போ கைக்கு வரும்?

மாசம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல. ஆப்பிள் தன்னோட நிதி மாசம் முடிஞ்சு 45 நாளுக்குள்ளதான் எங்களுக்கே அனுப்பும், அதோட ரீஃபண்ட் குடுக்கறதும் அவங்களே முடிவு பண்றது, எங்களுக்கு தகவல்தான் வரும். சின்ன தொகைன்னா வங்கி கட்டணமே தின்னுடும்ங்கறதால ஒரு குறைந்தபட்சம் வரைக்கும் சேத்து வைப்போம், ஆனா வருஷக் கடைசில எவ்ளோ கம்மியா இருந்தாலும் கட்டணத்தை நாங்க ஏத்துக்கிட்டு அனுப்பிடுவோம்.

எனக்கு ஃபாலோயரே இல்ல, சேரலாமா?

சேருங்க. தேடல்ல வரிசைப்படுத்தறது ஃபாலோயர் எண்ணிக்கைய வச்சு இல்ல, ஒரு தடவ செஞ்சவர் ரெண்டாவது தடவ செஞ்சாரான்னு பாத்து. உங்க குறிப்பை திரும்பத் திரும்ப செய்யற பத்து வீடு இருந்தா அந்த பத்து வீட்டு பணத்துலயும் பெரிய பங்கு உங்களுக்குத்தான்.

ஏஐ எழுதின ரெசிபி போடலாமா?

எழுத உதவியா வச்சுக்கங்க, மொழி சரிபாக்க, அலகு மாத்த, பரவால்ல. ஆனா குறிப்பு அடுப்புல ஏறியிருக்கணும். குறைஞ்சது மூணு கட்டத்துல நீங்க எடுத்த போட்டோ வேணும். சமைக்காத குறிப்பு பாக்க கச்சிதமா இருக்கும், செஞ்சு பாத்தாதான் தண்ணி அதிகம்னு தெரியும், அப்போ ஒரு வீட்டோட ராத்திரி சாப்பாடு போயிருக்கும்.

நான் விலகிட்டா, இல்ல ஆப்பையே நீங்க மூடிட்டா?

விலகினா 30 நாள்ல உங்க குறிப்பு எல்லாம் ஆப்லேருந்து போயிடும், ஏற்கனவே சேமிச்சு வச்சவங்க ஆப்ல உங்க போட்டோ, வீடியோ இல்லாம அளவும் செய்முறையும் மட்டும் இருக்கும், அதை அவங்க செஞ்சா நீங்க விலகினதுக்கு அப்பறமும் பங்கு வரும். உங்க குறிப்பு, போட்டோ எல்லாத்தையும் எந்த நேரமும் ஒரே ஃபைலா இறக்கிக்கலாம், எங்ககிட்ட கேக்க வேண்டியதில்ல.

மூடறதுன்னா, க்ரியேட்டர் பங்கு வர்றப்பவே தனி வங்கிக் கணக்குக்கு போயிடுது, சம்பளமோ வாடகையோ அதுலேருந்து போகாது. அப்படி ஒரு நாள் வந்தா 90 நாள் முன்னாடி சொல்லுவோம், அந்த கணக்குல இருக்கறதை கடைசி காசு வரைக்கும் பிரிச்சு அனுப்பிட்டு, கடைசி ஸ்டேட்மென்ட்டும் அனுப்பினதுக்கு அப்பறம்தான் சர்வரை அணைப்போம்.